அடித்த இரும்பும் வார்த்த இரும்பும்

எண்ணூரிலிருந்து வடக்கே கொசஸ்தலையாற்றைக் கடந்தால், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் மறுபக்கம் கடலும் நெருக்க, மணல் திட்டு ஒன்று நீண்டு கிடக்கிறது. காட்டுப்பள்ளி அதன்மேல்தான் இருக்கிறது. பழைய மீனவக் குப்பம், 2010இல் வந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த சரக்குப் பெட்டித் துறைமுகம் என்று ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மூன்று உலகங்கள் அங்கே அருகருகே நிற்கின்றன. அங்கு கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் மரைன் எஞ்சினியர் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் தென்கோடிக்குப் போய் கோல்ஃப் ஆடுபவர். வடசென்னைக்காரருக்கு இது சற்று அபூர்வமான பழக்கம். நகரின் பழைய கோல்ஃப் மைதானங்கள் கிண்டி, நந்தனம் என்று தெற்கில்தான் அமைந்தன.

சென்ற ஆண்டு ஒருநாள் அவருடைய அறையில் ஒரு பையைத் திறந்து காட்டினார். உள்ளே 1980களில் ஜப்பானில் செய்யப்பட்ட ஒன்பது இரும்பு மட்டைகள். அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு கப்பல் தலைவர் கோபே துறைமுகத்தில் வாங்கி, ஓய்வுபெற்ற நாளில் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனவை. அடிப்பாகத்தில் குரோமியப் பூச்சு தேய்ந்து உள்ளிருக்கும் எஃகு வெளியே தெரிந்தது. உப்புக்காற்று அதைத் துருவாக்கிக்கொண்டிருந்தது. பந்து படும் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் மழுங்கிப்போயிருந்தன.

“இதை மாத்தித்தான் ஆகணும் தம்பி. ஆனா ஃபோர்ஜ்டுலேர்ந்து காஸ்டுக்கு இறங்க மனசு வரல” என்றார்.

‘இறங்க’ என்ற அந்தச் சொல் என்னை உறுத்தியது. என் தந்தை எண்ணூர்ப் பகுதியில் ஒரு ஃபவுண்டரியில் முப்பது ஆண்டுகள் மோல்டராக இருந்தவர். கரிய மணலைப் பெட்டியில் இடித்து அச்சு செய்து, உருகிய இரும்பை அதில் ஊற்றும் வேலை. வார்ப்பு என்பது எங்கள் வீட்டில் சோறு. அதை ஒரு படி கீழே வைத்துப் பேச இவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்தபோதுதான், இந்த ஏற்றத்தாழ்வுக்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று தோன்றியது. தேடிப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். கோல்ஃப் ஆடாதவர்களும் படிக்கலாம். நானும் ஆடுவதில்லை.

*

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, ஏரியின் வாயிலில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ‘கோல்ஃப்’ என்ற சொல்லே, தடி என்று பொருள்படும் ‘கொல்ஃப்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. (கொல், கொல்லன், கொல்ஃப் என்று அடுக்கிக்கொண்டு யாரும் சொல்லாராய்ச்சியில் இறங்க வேண்டாம், இது வெறும் ஒலி ஒற்றுமை.) அந்தப் பெயரில் டச்சுக்காரர்கள் தெருவிலும் உறைந்த ஆற்றிலும் பந்தடித்தார்கள். 1597 ஏப்ரலில், ஆர்க்டிக் கடலில் நோவாயா செம்லியா தீவில் பனியில் சிக்கியிருந்த வில்லெம் பாரென்ட்ஸின் மாலுமிகள், முடங்கிய மூட்டுகளைத் தளர்த்திக்கொள்ள இந்த ஆட்டத்தை ஆடியதாக கெரிட் டெ வீரின் நாட்குறிப்பு சொல்கிறது.

இங்கே நமக்கு வேண்டியது ஒரு சிறு செய்தி. அந்த டச்சு மட்டைகள் பலவற்றின் தலை, ஈயமும் வெள்ளீயமும் கலந்து அச்சில் வார்க்கப்பட்டது. நெதர்லாந்தின் பழைய நகரங்களைத் தோண்டும்போது அத்தகைய வார்ப்புத் தலைகள் இன்றும் கிடைக்கின்றன. ஆக, பந்தடிக்கும் உலோகத்தின் பழைய வடிவங்களில் ஒன்று பட்டறையில் சம்மட்டியால் அடித்து உருவானதல்ல, ஊற்றி வார்த்ததுதான்.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. 1457இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வில்வித்தைப் பயிற்சியைக் கெடுக்கிறது என்று கோல்ஃபைத் தடைசெய்தது. 1502இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே பெர்த் நகரத்து வில் செய்பவர் ஒருவரிடம் மட்டைகள் வாங்கினார். வில் செய்பவரிடம் வாங்கினார் என்றால் அவை மரமட்டைகள். இரும்பு மட்டை அங்கே நெடுங்காலம் விதிவிலக்காகவே இருந்தது. அக்காலப் பந்து, தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்தது. விலை அதிகம். இரும்பால் அடித்தால் தோல் கிழியும். வண்டித்தடத்திலோ கல்லுக்கிடையிலோ பந்து மாட்டிக்கொண்டால் மட்டுமே இரும்பை எடுப்பார்கள். அதை உள்ளூர்க் கொல்லர், லாடமும் கதவுக் கீலும் அடித்த அதே உலையில் அடித்துக் கொடுத்தார்.

இந்த நிலையை மாற்றியது மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பால். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற அந்தக் கெட்டிப்பிசினால் பந்து செய்யத் தொடங்கினார்கள். இரும்பு பட்டாலும் அது கிழியாது, மலிவு, வடுப்பட்டால் சுடுநீரில் போட்டு உருட்டிக்கொள்ளலாம். (1870–71இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் போடப்பட்ட தந்திக் கம்பியைச் சுற்றியிருந்ததும் இதே பிசின்தான்.) பந்து மாறியதும் இரும்பு மட்டைகள் பெருகின. லாடக்காரர்களில் சிலர் மட்டைக்கென்றே தனிப் பட்டறை வைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து டாம் ஸ்டூவர்ட் தம் மட்டைகளில் புகைக்குழாய் ஒன்றை முத்திரையாகக் குத்துவார். அந்த முத்திரைக்கு இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ், 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களை வென்றபோது அவர் பையிலிருந்த இரும்புகளில் பல அந்தப் பட்டறையில் பிறந்தவை.

ஆட்டம் பேரரசோடு கப்பலேறியது. 1829இல் தொடங்கிய கல்கத்தா கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. சென்னை ஜிம்கானா கிளப் 1884இல் பிறந்தது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல். துரைமார் கையிலிருந்த இரும்புகள் எல்லாமே அடித்தவைதாம். ஆனால் அக்காலத்தில் யாரும் அவற்றை ‘ஃபோர்ஜ்டு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. வேறு வகை கடையில் இல்லாதபோது ஒரு செய்முறை பட்டம் ஆகாது.

*

அது பட்டம் ஆனதற்குக் காரணம் ஒரு செருப்புத் தொழிலாளி. கார்ஸ்டன் சோல்ஹைம் 1911இல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா போனவர். செருப்புத் தைத்தார், பின் பொறியாளராகி ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தார். நாற்பது வயதைத் தாண்டித்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். எல்லாப் புதியவர்களையும்போல அவருக்கும் பந்து நேராகப் போகவில்லை. தன்னைத் திருத்திக்கொள்வதற்கு முன் மட்டையைத் திருத்தினால் என்ன என்று கேட்டவர் அவர். மட்டைத்தலையின் எடை நடுவில் திரண்டிருந்தால், பந்து நடுவில் படாதபோது தலை கையில் திருகிக்கொள்ளும். அதே எடையை ஓரங்களுக்குத் தள்ளினால் திருகல் குறையும். தராசின் இரு தட்டிலும் எடை இருந்தால் கோல் சட்டென்று சுழலாது அல்லவா, அதே கணக்கு. 1959இல் அவர் செய்த முதல் மட்டை, பந்தைத் தொட்டதும் ‘பிங்’ என்று ஒலித்தது. அதையே பெயராக வைத்துவிட்டார்.

பின்புறம் குடைந்து எடையை ஓரத்துக்குக் கொண்டுபோகும் அந்த வடிவத்தைச் சம்மட்டியால் அடித்து எடுப்பது அன்று கடினம். வார்த்து எடுப்பது எளிது. சோல்ஹைம் தேர்ந்துகொண்ட வார்ப்பு முறை நமக்கு அந்நியமானதல்ல. முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் பீங்கான் குழம்பு பூசிப் பூசிக் கெட்டிப்படுத்திய ஓடு. சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்து வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடத்தில் உருகிய எஃகு. ஆறியபின் ஓட்டை உடைத்தால் மட்டைத்தலை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி ஐம்பொன்னை ஊற்றுகிறார்களே, அதே முறைதான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் நடராசரின் முன்னால் நின்று, “இது அடித்ததல்ல, வார்த்ததுதானே” என்று எவரும் முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

1982இல் வந்த சோல்ஹைமின் ‘ஐ-2’ மட்டைகள் உலகெங்கும் விற்றன. 1989இல் மார்க் கால்கவெக்கியா பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை அவற்றைக் கொண்டே வென்றார். அந்தக் காலத்தில்தான் பழைய முறையில் செய்தவர்கள் தங்கள் மட்டைகளின்மேல் ‘ஃபோர்ஜ்டு’ என்று பொறிப்பதைப் பெரிதாக்கினார்கள். வார்ப்பு புதியவர்களுக்கு, அடித்தது தேர்ந்தவர்களுக்கு என்ற பிரிவினை வேரூன்றியது. 1997இல் இருபத்தொரு வயது டைகர் உட்ஸ், ஜப்பானின் மிசுனோ நிறுவனத்தின் அடித்த இரும்புகளோடு மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பன்னிரண்டு வீச்சு வித்தியாசத்தில் வென்றபோது அது ஏறத்தாழ மதமாகவே ஆகிவிட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. ஸ்டூவர்ட்டின் பட்டறையில் கொல்லர் நின்றார். இன்றைய அடித்த மட்டையோ, ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பாகை வெப்பத்தில் கனன்ற எஃகுத் துண்டின்மேல் பல நூறு டன் விசையுள்ள இயந்திரம் இறங்க, இரும்பு அச்சுக்குள் சில நொடிகளில் உருப்பெறுவது. மனிதக் கை வருவது அதன்பின் தேய்த்து மெருகேற்றும்போதுதான். வார்த்த தலைக்கும் அந்தத் தேய்ப்பு வேலை உண்டு. கொல்லர் போய்விட்ட பிறகுதான் கொல்லரின் பெயரால் விலை ஏறியது.

*

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எண்ணூரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அங்கே வந்ததிலிருந்து அந்த ஊர் வண்டி எஞ்சினோடு வாழ்கிறது. எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. அத்தனை குழாய்களும் அறைகளும் உள்ள உருவத்தை அடித்து எடுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு அடித்த எஃகு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இழுபட்டும் நசுக்குண்டும் வாழவேண்டிய உறுப்பு அது. அடிக்கும்போது உலோகத்தின் உள்ளிழை உருவத்தின் போக்கிலேயே வளைந்து செல்லும். உள்ளே காற்றுக்குமிழி தங்காது. ஆகவே அங்கே அடித்தது வேண்டும். இரண்டில் எது உயர்ந்தது என்று எந்த மெக்கானிக்கும் கேட்பதில்லை. எது எங்கே என்றுதான் கேட்பார்.

கோல்ஃப் மட்டைக்கு அந்தக் கனெக்டிங் ராடின் வாழ்க்கை இல்லை. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வலிமை இங்கே பிரச்சினையே அல்ல. அடித்த மட்டையை ஆதரிப்பவர்கள் சொல்வது ‘ஃபீல்’ என்ற கைத்தொடு உணர்வு. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல என்பார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இந்த உணர்வை ஆராய்ந்தவர்கள், ஆட்டக்காரர்கள் கையால் உணர்ந்ததாகச் சொல்வதோடு காதில் விழும் ஓசைக்கு நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். ஓசையைத் தீர்மானிப்பதில் தலையின் வடிவத்துக்கும் பருமனுக்கும் பெரும் பங்கு உண்டு. பழைய அடித்த மட்டை திரண்ட பாளம். அது தாழ்ந்த குரலில் பேசும். குடைந்த வார்ப்பு மெல்லிய தகடு, அது கணீரென்னும். இரண்டையும் அருகருகே அடித்துப் பார்க்கும் நாம் வடிவத்தின் வித்தியாசத்தைச் செய்முறையின் வித்தியாசமாக எடுத்துக்கொள்கிறோம்.

உறுதியான வித்தியாசம் ஒன்று உலோகத்தில் இருக்கிறது. அடிப்பதற்கு நூற்றில் கால் பங்குக்கு மேற்படாத கரியுள்ள மென்மையான எஃகை எடுப்பார்கள். வார்ப்புக்குப் பெரும்பாலும் துருப்பிடிக்காத, கடினமான எஃகு. மென்மையானது துருப்பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஆனால் இடுக்கியில் வைத்து ஓரிரு பாகை வளைத்து ஆளுக்கேற்றபடி திருத்தலாம். கடினமானது நெடுநாள் உழைக்கும். அதிகம் வளைக்கப் போனால் முரண்டு பிடிக்கும், சில சமயம் முறிந்தும் போகும்.

தமிழ்நாட்டின் பழைய உருக்கை நினைத்துக்கொண்டேன். நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியவர்கள் இரும்பு உருக்கிய உலைகளைக் கண்டார்கள். தென்னிந்தியாவின் புகழ்பெற்ற ‘வூட்ஸ்’ உருக்கை 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். அந்த உருக்கு மூடிய மண்மூசையில் உருகிக் கட்டியாக உறைந்தது. பின்பு கொல்லரிடம் போய்ப் பதமான சூட்டில் அடிபட்டு வாளானது. முதல் பாதி வார்ப்பு, மறு பாதி அடிப்பு. சூடு மிஞ்சினால் அடியில் நொறுங்கிவிடும். அந்த இரு பாதிகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் அந்தக் கொல்லருக்குக் கேள்வியே விளங்கியிருக்காது.

*

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது என் நண்பர் சிரித்தார். “அப்ப காஸ்ட்டே வாங்கிடலாம்ங்கற. உங்கப்பா வேல செஞ்சாரேன்னு சொல்றியோ?” என்றார். உண்மையில் அப்படித்தான் ஆசைப்பட்டேன்.

ஒரு ஞாயிறு நானும் உடன் போனேன். பயிற்சித் திடலில் மூன்று வகை மட்டைகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவருடைய பழையதைப் போன்ற பாளமான அடித்த இரும்பு ஒன்று, பின்புறம் குடைந்த அடித்த இரும்பு ஒன்று, குடைந்த வார்ப்பு ஒன்று. மட்டையின் முகத்தில் பவுடர் தெளித்து அடிக்கவைத்தார்கள். பந்து பட்ட இடத்தில் பவுடர் அழிந்திருக்கும். முப்பது வருடம் ஆடியவரின் தடங்கள் முகமெங்கும் சிதறிக் கிடந்தன. பாளமான மட்டையில் ஓரத்தில் பட்ட பந்துகள் பாதி வழியிலேயே விழுந்தன. அந்த ஒன்று அத்தோடு கழிந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. சற்றுநேரம் அந்த வெள்ளைத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி இரண்டுக்கும் அவரைக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். தலையைப் பார்க்காமல், எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். பத்து அடியில் பாதியைத்தான் சரியாகச் சொன்னார். நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். மட்டையின்மேல் பொறித்திருக்கும் எண் நம்பத்தக்கதல்ல. அவருடைய பழைய ஏழாம் எண் மட்டையின் முகம் முப்பத்தாறு பாகை சாய்ந்திருந்தது. வார்ப்பு ஏழாம் எண்ணுக்குச் சாய்வு இருபத்தொன்பது பாகைதான். பழைய கணக்கில் அது ஐந்தாம் எண்ணுக்குப் பக்கம். அது தூரமாகப் பறந்ததில் வியப்பில்லை. எண்ணை மறைத்துப் பாகையை ஒப்பிட்டால்தான் நியாயமான போட்டி.

கடைசியில் முடிவு செய்தது ஒரு வளைவு. நண்பர் உயரமானவர். அவர் வீசும்போது மட்டையின் முன்நுனி தரையில் இடித்தது. தண்டும் தலையும் சேரும் கோணத்தை இரண்டு பாகை நிமிர்த்தவேண்டும் என்றார் அங்கிருந்தவர். வார்ப்பில் ஒரு பாகைக்குமேல் உத்தரவாதம் இல்லை. அடித்ததில் தாராளமாகச் செய்யலாம். ஆக, குடைந்த அடித்த இரும்பையே வாங்கினார். என் தந்தையின் கட்சி தோற்றது. ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல. அவர் வாங்கியது ஒரு பட்டத்தை அல்ல. தன் உடம்புக்கு வளைந்து கொடுக்கும் இரண்டு பாகையை. அவர் குட்டையாக இருந்திருந்தால் வார்ப்பை வாங்கியிருப்பார். தம் நண்பர்களிடம் அவர் இப்போது அப்படித்தான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பழைய ஒன்பது இரும்புகளையும் அவர் விற்கவில்லை. மைதானத்தில் தமக்குப் பை சுமக்கும் இளைஞனிடம் கொடுத்துவிட்டார். இந்திய கோல்ஃபின் எழுதப்படாத பாதி, இப்படிக் கைமாறிய பழைய மட்டைகளின் வரலாறுதான். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். உறுப்பினர்கள் கழித்த இரும்பில் கற்றுக்கொள்பவர்களுக்கு அது அடித்ததா வார்த்ததா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வருவதில்லை. கையில் கிடைத்ததை வைத்து ஆடுகிறார்கள்.

என் தந்தையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு கோல்ஃப் என்றால் என்னவென்று விளக்கவே அரைமணி ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு, நண்பரின் பழைய மட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். விரல் முட்டியால் அதைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று முப்பது வருடம் அப்படித்தான் பார்த்தவர்.

“நல்லாத்தான் இருக்கு. அந்தப் பையன்கிட்ட சொல்லு, எண்ணெய் தடவி வைக்கட்டும்” என்றார்.